பிளக்கைப் பிடுங்கும் அக்கா

என்டர் தட்டுவதற்கு முன் சர்வர் அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். அடித்த வரியை முணுமுணுத்து வாசித்து, எந்த இயந்திரத்துக்குள் இருக்கிறோம் என்று அதன் பெயரையும் பார்த்த பிறகுதான் விரல் இறங்கும். அவசரக்காரர்கள் பின்னால் நின்று பல்லைக் கடிப்பார்கள். "கடிங்க, பல்லு உங்களுது. தப்பா தட்டினா போறது அடுத்தவங்க ரிப்போர்ட்டு" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர் அவர் பொறுப்பு. வருகிறவர்களின் முடிவுகளெல்லாம் அதற்குள்தான். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் அறை. ஏசிக் குளிருக்குக் கணவரின் பழைய ஸ்வெட்டர். எதையும் அழிக்க வல்ல ரூட் கணக்கில் அவர் நேராக நுழைவதே இல்லை. "அந்த அதிகாரம் கையில இருந்தா கை சும்மா இருக்காது" என்பது அவர் கட்சி. கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவுக்கே பார்க்க மட்டும்தான் அனுமதி. "என் கடையிலயே நான் விருந்தாளியா?" என்று அவர் கேட்டால், "விருந்தாளிக்குத்தானே மரியாதை ஜாஸ்தி" என்று அக்கா வாயை அடைத்துவிடுவார்.

பழைய சர்வர் ஒரு செல்லப்பிள்ளை. கரண்ட் போய் வந்தால் அக்கா வந்து தொட்டால்தான் எழும். தங்கை கல்யாணத்தில் குடும்பப் படத்துக்கு நின்றவரையே அது இழுத்து வந்துவிட்டது. அந்தப் படத்தில் இன்றும் கணவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குக் காலி இடம். வெளியூர் கிளம்பிப் பாதியில் திரும்பிய பயணங்களுக்குக் கணக்கே இல்லை.

இப்போது புது இயந்திரம் வந்திருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் திறந்து பார்க்கலாம் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தை அக்காவே அதில் போட்டார். ஆளுக்கொரு கணக்குத் திறந்தார், வெளியாள் உள்ளே நுழையக்கூடிய வேண்டாத வாசல்களை அடைத்தார், தினமும் நகல் எடுக்க ஏற்பாடு செய்தார். இன்று மாலை பஸ்ஸில் கணவருக்கும் அவருக்கும் இடம் பிடித்தாகிவிட்டது. கரண்ட் போய் வந்தபின் அவர் கை படாமல் சர்வர் எழுந்தால் பயணம். இல்லாவிட்டால் பழைய கதைதான். கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, நகல் பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார்.

திரை விழித்துக்கொண்டது. ஆனால் வரவேற்பு மேஜையிலிருந்து குரல் வந்தது: "அக்கா, ரிப்போர்ட் ஒண்ணும் திறக்கலையே!"

அக்கா திரைக்கு முன் உட்கார்ந்தார். போனில் காத்திருந்த கணவர், "என்ன, கட்டின பெட்டியைப் பிரிக்கணுமா?" என்றார். திரையை மேலும் கீழும் ஓட்டிய அக்கா, சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ரிப்போர்ட் காட்டும் நிரலை, புது இயந்திரத்தை அமைத்த அன்றைக்கு ஓடச் சொல்லியிருந்தார். இயந்திரம் எழும்போதெல்லாம் தானாக ஓடு என்று சொல்லவில்லை.

"நான் எழுப்பி விட்டேன், தானா எழுந்திருக்கச் சொல்லித் தரலை. எப்பவும் நானே பக்கத்துல இருந்து பழகிப்போச்சு!"

அந்த ஒரு வரியை அடித்தார். மறுபடி பிளக். இந்த முறை அறையில் நிற்காமல் வரவேற்பு மேஜைக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வந்துடுச்சுக்கா!"

சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் பொங்கியது அவருக்கு. "ஜன்னல் சீட்டு எனக்குத்தான்" என்றார் போனில்.

அறைக்குப் போய்க் கைப்பையை எடுத்தார். அங்கே இருந்த ஒரே நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதற்குள் ரத்தம் கொடுக்க வந்து கால்கடுக்க நின்றிருந்த ஒருவருக்குப் போட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார்.