ராணியின் வயதுக்காரி

இத்தாலியின் பலெர்மோ நகரில் தமிழ்ச் சனம் புனிதமலருக்கு வைத்த பட்டம் ‘ராணிப் பைத்தியம்’. அது அவளுக்கும் தெரியும். அதற்காக ஒருநாளும் முகம் கோணியதில்லை. இங்கிலாந்து ராணி தொலைக்காட்சியில் வந்துவிட்டால் அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அகப்பையும் கையுமாக ஓடிவந்து முன்னால் நிற்பாள். முடியும் மாளிகையும் யாருக்கு வேண்டும்! அந்த மனுசி எப்படி நடக்கிறார், கை நடுங்குகிறதா, முகம் வாடியிருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

“இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ. தடி ஊண்டினாலும் நல்லா நடக்கிறா,” என்பாள் புருசனிடம். “அம்மாவும் இப்ப இப்பிடித்தான் நடப்பா.”

புருசன் பெனடிக்ற், கடற்கரையோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் மீன் வெட்டுகிறவர். எதற்கும் நறுக்கென்று பதில் வைத்திருக்கும் ஆள், இந்த விசயத்தில் மட்டும் “ஓம்” என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்.

விசயம் இதுதான். புனிதமலரின் தாய் செலஸ்ரீனாவும் ராணியும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். மன்னாரில் அந்தக் காலத்தில் ராணியின் தலை போட்ட இரண்டு சதக் காசு ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி, “இவவும் நானும் ஒரு வயசு. அவவுக்குத் தலையிலை முடி, எனக்குத் தலையிலை விறகுக்கட்டு,” என்று சிரிப்பாராம் செலஸ்ரீனா. ராணி இருபத்தைந்து வயதில் பட்டத்துக்கு வந்தார், எழுபது வருடம் இறங்கவில்லை. செலஸ்ரீனாவும் இலேசில் இறங்குகிற ஆள் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிகிற நேரம், அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்குள் இடம் இடமாக அலைந்தவன் மகன் யோசேப். வட்டுவாகல் பாலத்தடியில் சனம் நெரிபட்டபோது கை நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. உடலும் கிடைக்கவில்லை. தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் அவரைப் போல ஒருவரைக் கண்டதாக யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் புனிதமலர் இங்கே இருந்தாள். லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சின்யோராவை, பராமரிக்கிற வேலை. விட்டுவிட்டுப் போய்த் தேட வழியில்லை.

தாயைத் தவறவிட்ட மே மாதம் வரும்போதெல்லாம் யோசேப் மன்னாரில் இருந்து போன் எடுப்பான்.

“அக்கா, அம்மாவுக்கு ஒரு ஆத்துமப் பூசை ஒப்புக்குடுப்பமே?”

“உயிரோடை இருக்கிறவவுக்கு ஆத்துமப் பூசையோ? விசர்க் கதை கதையாதை. ராணி இன்னும் குதிரை ஓடுறா, தெரியுமோ?”

அவன் போனை வைத்துவிடுவான். அக்கா சம்மதிக்காமல் தான் மட்டும் பூசை கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அந்த வயதில் ஒருவர் திடமாக இருந்தால் மற்றவர் ஏன் இருக்கக் கூடாது? புனிதமலரின் நியாயம் இதுதான். ராணிக்கு வாசலிலேயே வைத்தியர் நிற்கிறார், உன் தாய்க்கு யார் நின்றது என்று எவராவது கேட்டால், “எங்கடை அம்மா ஒடியல் கூழ் குடிச்ச உடம்பு,” என்று வாயை அடைத்துவிடுவாள். ஆளை அசைக்க முடியாது!

பிறகு வந்தது அந்தச் செப்டெம்பர். மாதாவின் பிறந்தநாள் பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு போனாகச் சிணுங்கியது. “ராணி செத்துப் போனாவாம்,” என்றார் ஒருவர். பகிடி விட வாயெடுத்தவர்கள் புனிதமலரின் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“முந்தநாள்தானே சிரிச்சுக்கொண்டு புதுப் பிரதமருக்குக் கை குடுத்தவ,” என்றாள் அவள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பெனடிக்ற்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

ராணியின் செத்த வீட்டைத் தொலைக்காட்சியில் சின்யோராவோடு இருந்து பார்த்தாள். பெட்டி போகிறது, பின்னால் மகன் நடக்கிறார், நரைத்த தலையோடு, உதட்டை இறுக்கிக்கொண்டு. “பாவம், அழுகையை அடக்குகிறார் பார்,” என்றாள் சின்யோரா.

புனிதமலரின் கண்ணுக்கு அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்து போனது யோசேப்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் பின்னால் நடக்க அவனுக்கு ஒரு பெட்டி கிடைக்கவில்லை. ஒரு பூசையாவது கொடுக்கிறேன் என்று கெஞ்சியவனை இத்தனை வருடமாக மறித்து வைத்தது யார்? நான்தானே என்று நினைக்க அவளுக்கு வெட்கமாயும் துக்கமாயும் இருந்தது.

அன்று பின்னேரமே கோயிலுக்குப் போனாள். பூசைகளை ஒழுங்கு செய்கிற அன்ரனி கதவடியில் நின்றார்.

“அன்ரனியண்ணை, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு பூசை வேணும்.”

“ஆருக்கு, ராணிக்கோ? அவ எங்கடை வேதமில்லைப் பிள்ளை. சுவாமி என்னையெல்லோ ஏசுவார்!”

“ராணிக்கு அங்கை எத்தினையோ சுவாமிமார் நிக்கினம். இது என்ரை அம்மாவுக்கு. செலஸ்ரீனா எண்டு சொல்லச் சொல்லுங்கோ.”

அன்ரனி சிரிப்பை விழுங்கிக்கொண்டார். தாய் போன நாள் எவருக்கும் தெரியாது. அதனால் ராணியின் நாளையே தாய்க்கும் நாளாக எடுத்துக்கொண்டாள் புனிதமலர்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

“யோசேப், அம்மாவுக்குப் பூசை சொல்லிப்போட்டன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அப்ப அக்கா... உங்களுக்கு என்னிலை கோவம் இல்லையோ?”

“என்ன கோவம்?”

“நான் அம்மான்ரை கையை விட்டிட்டன் எண்டு. அதுதான் பூசைக்கும் விடமாட்டன் எண்டு நிக்கிறியள் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

புனிதமலர் தெருவோர வாங்கில் குந்திவிட்டாள்.

“ஐயோ, விசரா! உன்னிலை எனக்கென்னடா கோவம்? எனக்கு அம்மா வேணுமெண்டு இருந்தனான். வேறை ஒண்டுமில்லை.”

அன்றைக்கு அவள் வேலைக்குப் பிந்தித்தான் போனாள்.

முப்பத்தோராம் நாள் கோயில் நிறையச் சனம். புனிதமலர் போனை முன் வாங்கில் பீடத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்தாள். மன்னாரில் யோசேப் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு இருந்தான். பீடத்தில் நின்று சுவாமி, செலஸ்ரீனாவின் பெயரைச் சொல்லிச் செபித்ததும் சனம் பதில் சொன்னது. அந்தச் சின்னப் போனுக்குள் இருந்து அவன் சொன்ன பதில் மற்ற எல்லோரையும் விடச் சத்தமாகக் கேட்டது.

பூசை முடிந்து சாப்பாட்டுக்குப் போனதும், “நீ சாப்பிட்டியோ?” என்று போனில் தம்பியைக் கேட்டாள்.

“இல்லை அக்கா. உங்களோடை சேர்ந்து சாப்பிடுவம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தாள். அங்கே அவனும் கை வைத்தான். அன்றைக்குத்தான் தாயைப் பறிகொடுத்த பிள்ளைகளாய் இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.