பயமறியாத பெண் என்றிருந்தேன்

கோயில் உற்சவத்தில் அதிர்வேட்டு வெடித்தபோதும் என் இரண்டு வயது மகள் கோமதி தோளில் அசையாமல் தூங்கினாள். "பயமே தெரியாத பொண்ணு!" என்றார் என் கணவர். நானும் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

சென்ற மாதம் மயிலாப்பூர் மாடவீதியில் என் கையை உதறிவிட்டு ஓடியவள், பின்னால் வந்த ஜட்காவுக்கு ஒதுங்கவே இல்லை. வண்டிக்காரர் லகானை இழுத்து நிறுத்தினார்.

"இன்னாம்மா, இந்தக் கத்து கத்தறேன், திரும்பவே இல்ல. கொயந்தைக்குக் காது கேக்குதா?"

பெற்றவளுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. டாக்டரும் அவளுக்குக் காது கேட்கவில்லை என்றே சொன்னார்.

இப்போதெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்தே பேசுகிறேன். தாலாட்டும்போது அவள் கையை என் தொண்டையில் வைத்துக்கொள்கிறேன். நேற்றுப் பாட்டை நிறுத்தியதும், கண்ணைத் திறக்காமலே என் தொண்டையைத் தட்டினாள்.