வலிக்காத விரல்

கோட்டு தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவியே எது கம்பளி, எது கலப்படம் என்று சொல்லிவிடுவார். கடைத்தெருவே அவரைக் கோட்டு மாஸ்டர் என்றது. அவரும் தலைக்கனத்துக்குக் குறை வைக்கவில்லை.

அந்த மகானுக்கு எப்போதோ நெஞ்செரிச்சல் வந்தது. ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எரிச்சல் போய்விட்டது, மாத்திரை போகவில்லை. மருந்துக்கடைக்காரர் ஆளைப் பார்த்ததுமே அட்டையை நீட்டிவிடுவார். இப்படியே எட்டு வருடம்! மேசை இழுப்பறையில் நூல்கண்டுக்கும் அளவு நாடாவுக்கும் நடுவே அதற்கு நிரந்தர இடம். தலைவலி என்று வந்த வாடிக்கையாளருக்கும் ஒன்று எடுத்துக் கொடுக்கும் தாராள மனசு வேறு.

பிறகு விரல் நுனி மரக்க ஆரம்பித்தது. "தொழில் கைக்குள்ள இறங்கினா அப்படித்தான், தோல் காய்ச்சுப் போகும்," என்று பெருமையடித்தார். எந்தத் துணியைத் தடவினாலும் ஒரே மாதிரி இருந்தபோது துணிக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். "பூராவும் பிளாஸ்டிக்! யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?" பாவம், அந்த மனுஷன் கொடுத்தது சுத்தக் கம்பளி.

பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும் மனைவி ஒருநாள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக் கோட்டில் சிவப்புப் பொட்டுகள். மாஸ்டரின் விரலில் ஊசி பாதி இறங்கி நிற்க, அவர்பாட்டுக்கு அரசியல் பேசிக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் போனால் கடையும் போச்சு. கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சேச்சே, மாத்திரையே தொடமாட்டேன்."

"என்னங்க, அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை?" என்றாள் மனைவி.

"அடியே, அதெல்லாம் மாத்திரைல சேர்த்தியா?"

ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் அடிமட்டத்தில் கிடந்தது. "சாப்பாட்டுல இருந்து அந்தச் சத்தைப் பிரிச்செடுக்க வயித்துல அமிலம் வேணும். நீங்க வருஷக்கணக்கா அதை மாத்திரையால அடக்கியே வச்சிருக்கீங்க. சத்து இல்லாம நரம்பு கெட்டு விரல் மரத்துப்போச்சு," என்றார் டாக்டரம்மா. "ஊசி போடுறேன். மாத்திரையைப் படிப்படியாக் குறைக்கலாம். ஆனா விரல் எவ்வளவு சரியாகும்னு இப்பவே சொல்ல முடியாது."

மாஸ்டர், "ஊசி போட்டா நெஞ்செரியுமா?" என்று கேட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை, "ஐயோ, அம்மா!" என்ற அலறலில் கடையே அதிர்ந்தது. மாஸ்டர் விரலை உதறிக்கொண்டு குதித்தார்.

"வலிக்குதாங்க?"

"உயிர் போகுதுடி!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எழுந்தது எழுந்தீங்க, அப்படியே போய் துணிக்கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."