உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார்

மருந்து கலக்கத் தெரிந்தால் கம்பவுண்டர் ஆகிவிடலாம். ஒரு மனிதரைச் சாம்பாரில் உப்பைக் குறைக்க வைப்பதற்கு ஏழு ஜன்மம் போதாது. யுத்த காலத்தில் பம்பாய் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். ரத்தக் கொதிப்புக்கு அப்போது உருப்படியான மருந்து கிடையாது. டாக்டர் சீட்டில் 'உப்பைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். குறைத்தார்களா என்று போய்ப் பார்ப்பது என் தலையில் விழுந்தது. உப்பில்லாத ரசத்தை உங்களில் யாராவது ஒரு வாய் குடித்திருந்தால், போன இடங்களில் எனக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எது உப்பு?

ரெயில்வே ஆபீஸ் ஹெட் கிளார்க் ராமநாதன் பாலக்காட்டுக்காரர். பம்பாயில் குண்டு விழும் என்ற பயத்தில் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை பிளாட்பாரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், அவர் போனபிறகு என்னிடம், "இப்படியே போனால் குழந்தைகள் திரும்பி வரும்போது அப்பா இருக்கமாட்டார்" என்றார்.

ஒரு மாதமாயிற்று. கொதிப்பு பார்க்கும் கருவியில் பாதரசம் இறங்குகிற வழியாகக் காணோம். மெஸ்ஸுக்கே போய்ப் பக்கத்தில் நின்றேன். இலை ஓரத்தில் உப்பு வைக்க வந்தவரை அவர் கையை நீட்டித் தடுத்ததும் எனக்கு ஒரே பெருமை. அடுத்து வடுமாங்காய் வந்தது, நாலு வாங்கிக்கொண்டார். அப்பளம், மோர்மிளகாய், மறுபடியும் வடுமாங்காய். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "என்ன ஓய் முழிக்கறீர்? டாக்டர் உப்பைத்தானே வேண்டாம்னார், மாங்காயை வேண்டாம்னாரா?"

தாராவியில் ஒருவர்

காதர் மைதீன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை வைத்திருந்தார். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைத் தேய்த்து அடுக்குவார்கள். அவருக்கு முழங்கை வரை எப்போதும் வெள்ளையாகப் பூத்திருக்கும். கருவாடு இல்லாமல் சோறு தொடாத மனிதர், ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் சீட்டைக் கொடுத்தேன். "எத்தன நாளைக்கி?" என்று கேட்டார். ஆயுசுக்கும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மத்தியானம் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழம்பை ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. அவரோ நிதானமாகப் பிசைந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். எப்படி முடிகிறது என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அவரைக் கும்பிடத் தோன்றியது. பின்னால் குவிந்திருந்த தோலைக் காட்டிச் சொன்னார்: "இது செத்த தோலு, கம்பவுண்டரே. கெட்டுப்போவாம இருக்க உப்பு வேணும். நான் உசுரோடதான இருக்கேன், எனக்கு எதுக்கு?"

சமையற்காரர் நாக்கு

ராமநாதன் சாப்பிட்ட மெஸ்ஸில் சமையல் நாணு ஐயர். அவருக்கும் கொதிப்பு என்று தெரிந்தபோது மனிதர் டிஸ்பென்ஸரியிலேயே அழுதுவிட்டார். உப்புப் பார்க்காமல் நாற்பது பேருக்கு எப்படிச் சமைப்பது? டாக்டர் யோசித்து, "சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளும். உமக்கு மட்டும் உப்புப் போடுமுன் தனியாக எடுத்து வையும்" என்றார். ஐயர் அதை விரதம் மாதிரி பிடித்துக்கொண்டார். முதல் பத்து நாள் இலையைப் பார்த்தாலே கண் கலங்குமாம்.

மூன்றாம் மாதம் தாமாகவே வந்தார், உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார்: "புடலங்காய்க்குன்னு ஒரு தித்திப்பு இருக்கு, கேட்டேளா? முப்பது வருஷமா நறுக்கறேன், இப்பத்தான் தெரியறது."

இறங்கிய பாதரசம்

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ராமநாதனைப் பரிசோதித்த டாக்டர் மறு கையிலும் பட்டையைச் சுற்றினார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பாதரசம் நன்றாக இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை என்கிறார் அவர். எனக்கு மண்டை குடைந்தது. மறுநாள் மெஸ்ஸில் நானே இலை போட்டு உட்கார்ந்தேன். முதல் கவளத்திலேயே விளங்கிவிட்டது. சாம்பாரில் உப்பு பாதிதான் இருந்தது.

உப்பை விட்ட ஐயருக்கு நாக்கு கூர்மையாகிவிட்டது. உள்ளங்கைச் சொட்டில் கொஞ்சம் உப்பு இருந்தாலே அவருக்குச் சரியாகப்பட்டது. அவருக்கே தெரியாமல் நாளுக்கு நாள் உப்புப் பிடி சிறுத்திருக்கிறது. நாற்பது நாக்குகளும் கூடவே நடந்து போயிருக்கின்றன. அன்று புதிதாக வந்த ஒருவர் உப்புக் கேட்டபோது எல்லோரும் அவரை விநோதமாகப் பார்த்தார்கள். நான் தொண்டை வறளப் பேசியும் நடக்காத காரியம், யாரும் பேசாமலே நடந்திருந்தது. "வெளியே மூச்சு விடாதீர்" என்றார், நான் போய்ச் சொன்னதைக் கேட்ட டாக்டர். மறுபடி மெஸ்ஸுக்குப் போனபோது, இலையில் வடுமாங்காயைக் காணோமே என்று ராமநாதனிடம் மெதுவாக விசாரித்தேன். அதே சாடி, அதே மாங்காய்தான். அவர் சொன்னார்: "ஊறுகாய் போடறவன் கை மாறிடுத்து ஓய். ஒரே கரிப்பு, வாயிலே வைக்க முடியல்லே."

மருந்து கேட்டு வந்தவர்

யுத்தம் முடிந்து குடும்பம் திரும்பி வந்தது. ஒரு சாயங்காலம் ராமநாதன் டிஸ்பென்ஸரிக்கு வந்தார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அன்று சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து என் கண் நிறைந்துவிட்டது. பின்னாலேயே வந்த அவர் மனைவி, கணவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் புகார் செய்தார்: "மெஸ்ஸிலே சாப்பிட்டுச் சாப்பிட்டு இவர் நாக்கு கெட்டுப்போயிடுத்து. நான் எது பண்ணினாலும் கரிக்கறதுங்கறார். இதுக்கு ஏதாவது மருந்து கொடுங்கோ."

அலமாரி நிறைய மருந்தை வைத்துக்கொண்டு, இதற்கு மருந்தே கிடையாது என்று சந்தோஷமாகக் கையை விரித்தது என் உத்தியோகத்தில் அந்த ஒரு தடவைதான்.