மதகுக்குள் நின்ற அரசி

கடலுக்கும் பாம்புக்கும் பயப்படாத நான் ஒரு ரேடியோ நாடகத்துக்குப் பயந்தேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சாய்ந்தமருதில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த நான் மருதமுனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருந்தேன். தோணி தள்ளிய கைக்குத் தறி படியவில்லை. அடுத்த வளவில் தறிக்கொட்டில் வைத்திருந்த முதலாளி என்னை நூல் கட்டு ஏற்றி இறக்கத்தான் வைத்திருந்தார். அவரிடம் ஒரு ரேடியோ இருந்தது. மின்சாரம் வராத காலம். கார் பற்றரியில்தான் அது பாடும். பற்றரி இறங்கினால் சைக்கிளில் கட்டிக் கல்முனைக் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சாஜ் ஏற்றி வருவதும் என் தலையில்தான் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தியில் மஃரிபு தொழுகை முடிந்ததும் நாடகம். ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படக்கதையாக வந்ததை ரேடியோவுக்கு எழுதியிருந்தார்கள். கொட்டில் முற்றத்தில் ஆம்பிளைகள் நிறைந்துவிடுவார்கள். தென்னங்கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் வளவில், பெண்கள். கதையில் சதி செய்கிற அரசனின் தம்பி பேசத் தொடங்கினால் ஒரு கிழவர் எழும்பி ரேடியோவைப் பார்த்துத் துப்புவார். அதற்காகவே முதலாளி ரேடியோவின் மேல் ஒரு சாரத் துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய் கதை இப்படி நின்றது. எட்டு மாதக் கர்ப்பிணியான அரசி, கொழுந்தனின் ஆட்களுக்குப் பயந்து ஓடி, ஒரு குளத்தின் மதகுக்குள் ஒளிந்துகொள்கிறாள். கொழுந்தன் குளக்கட்டில் நின்று மதகைத் திறக்கச் சொல்கிறான். பலகை கிறீச்சிட்டது. தண்ணீர் இரைந்தது. அரசி ஒரு முறை கத்தினாள். உடனே மேளத்தை அடித்து, மிச்சம் அடுத்த கிழமை என்று முடித்துவிட்டார்கள்.

முற்றத்தில் ஒருவரும் எழும்பவில்லை. வயல்காரர் ஒருவர், மதகு திறந்தால் உள்ளே நிற்கிற எருமையே தப்பாது என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரை அடிக்கப் போனார். அடுத்த நாள் கொட்டிலில் நூல் அறுந்தபடியே இருந்தது. அரசி தப்புவாளா மாட்டாளா என்று காலையில் தொடங்கிய சண்டை பின்னேரம் அசர் தொழுகை வரை ஓயவில்லை. எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்வரை.

என் மாமி, மனைவியின் உம்மா, என்னோடு முகம் பார்த்துக் கதைக்கமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று காற்றுக்குச் சொல்வது போலச் சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான். மகள் விடிந்ததிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்கிறாள் என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. அந்த அரசியும் பிள்ளையும் தப்பினால் தன் பிள்ளையும் தப்பும் என்று அவள் மனதில் நிய்யத்து வைத்து, அதையே நம்பிக்கொண்டு இருக்கிறாளாம்.

எங்கள் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. இப்போது இரண்டாவதுக்கு எட்டாம் மாதம். ஓதின தண்ணீர் கொடுத்தாயிற்று, நூல் கட்டியாயிற்று. இவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கொழும்பில் யாரோ எழுதுகிற கதையில் பிள்ளையின் உயிரைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏசத்தான் உள்ளே போனேன். அவளுடைய கை குளிர்ந்து கிடந்தது.

காரைதீவில் எனக்குப் பழக்கமான வாத்தியார் ஒருவர் அந்தப் பத்திரிகையைச் சேர்த்து வைத்திருந்தார். வியாழன் பின்னேரம் சைக்கிளில் அங்கே போனேன். கதைக்கு முடிவு பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். வாத்தியார் தேடி எடுத்துக் கையில் தந்தார். கடைசிப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீரில் ஒரு சேலை மட்டும் மிதக்கிறது. அடுத்த கட்டத்தில் அரசன் முழங்காலில் நிற்கிறான். வேறு ஒன்றும் இல்லை. நான் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். இனி இல்லைத் தம்பி, அவ்வளவுதான் என்றார் வாத்தியார்.

திரும்பி வரும்போது பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். வீட்டில் வாத்தியார் ஊரில் இல்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். சரி, செவ்வாய்க்கிழமை கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

செவ்வாய் வராமல் இருக்க என்ன வழி? பற்றரிதான் வழி. அது இறங்கிப் போயிருந்தது. திங்கட்கிழமை அதைக் கராஜுக்குக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்து, சாஜ் ஏற்ற வேண்டாம், பின்னேரம் வந்து எடுக்கிறேன் என்றேன். கராஜ்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்னேரம் போய் அப்படியே எடுத்து வந்தேன். செவ்வாய் முழுவதும் யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டேன்.

ரேடியோ பாடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சும்மா கிடந்த பற்றரியில் கொஞ்சம் உயிர் ஊறியிருந்தது. முதலாளி திருகியதும் நாடகம் தொடங்கியது. தண்ணீர் இரைகிறது. குதிரை வருகிறது. அரசன் குளக்கட்டின் மேல் ஏறுகிறான். குரல் மெலிந்து மெலிந்து போக, முதலாளி காதைக் கொண்டுபோய் ஒட்டினார். "அரசி" என்று யாரோ கூப்பிட்டது கேட்டது. அதோடு நின்றுவிட்டது.

முதலாளி ரேடியோவைத் தட்டினார், குலுக்கினார். பிறகு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கராஜ்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். பாவம், அந்த மனிதரை முற்றம் முழுக்க ஏசியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் போனேன். அவள் பாயில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். ஒரு கை வயிற்றில்.

"வாத்தியார் ஊரிலதான் இருந்தாரு. நீங்க முடிவப் பாத்திட்டீங்க, என்ன?"

"ஓம்" என்றேன்.

"அவ தப்பினவவா?"

"தப்பினவ. புள்ளையும் தப்பினது. நான் படத்தில எண்ட கண்ணால பாத்தன்."

"அல்லாவுல ஆணையா?"

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை விளையாட்டுக்கும் சொல்வதில்லை. பொய்ச் சத்தியம் பண்ணியவனுக்கு என்ன கிடைக்கும் என்று ஓதப் போன காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். மிதந்த சேலை கண்ணுக்கு முன்னால் நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வல்லாஹி, பாத்தன்" என்றேன்.

அவள் படுத்துக்கொண்டாள். விடியும்வரை நான் அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் பாவத்துக்கு இந்தப் பிள்ளையை எடுத்துவிடாதே என்று ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மறுநாள் கல்முனையிலிருந்து நூல் கொண்டு வந்தவர்கள் மிச்சக் கதையைச் சொன்னார்கள். அரசன் வந்து மதகை அடைத்துவிட்டானாம். அரசியைத் தூக்கி எடுத்தார்களாம். குளக்கட்டிலேயே ஆண் பிள்ளை பிறந்ததாம். பத்திரிகையில் செத்தவளை ரேடியோக்காரர் பிழைக்க வைத்திருந்தார்கள். கொட்டிலில் ஒரே ஆரவாரம். மாமி தேங்காய்ப் பால் ஊற்றிப் பாச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தார். நான் மட்டும் ஒரு பிடி வாயில் வைத்துவிட்டுக் கை கழுவினேன். அரசி பிழைத்தது உண்மையாகிவிட்டது. படத்தில் பார்த்தேன் என்று நான் சத்தியம் பண்ணியது உண்மையாகவில்லையே.

சத்தியத்துக்குக் குற்றப் பரிகாரம் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. அதற்கு வசதி இல்லாதவனுக்கு மூன்று நோன்பு. கொட்டிலில் வேலை கூடிவிட்டது, பகல் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்று நாள் நோன்பு பிடித்தேன். மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பாங்கு சொல்ல, அவள் ஈச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"மூணும் முடிஞ்சா?" என்றாள்.

பழம் கையில் நின்றது. பத்திரிகையில் அரசி செத்தது எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"காரைதீவால வந்து சைக்கிள நிப்பாட்டக்குள்ளயே தெரியும்."

"அப்ப ஏன் சத்தியம் கேட்ட?"

"செய்யமாட்டீங்கண்டுதான் கேட்டன். செஞ்சிட்டீங்க." தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். "எனக்காக நரகத்துக்கும் போக ஒரு ஆள் இரிக்கிறாரு. அதுக்குப் பொறகு அந்த அரசி செத்தா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன?"

நோன்பு திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிள்ளை பிறந்து அழுத சத்தம் காதில் விழும்வரை இன்னும் ஐந்து வாரம் கிடந்தது. அந்த ஐந்து வாரமும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள்.