கர்னல் எழுதிய வரி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவனுக்குக் 'கர்னல்' என்று பெயர். பட்டாளத்தை அவன் சினிமாவில்தான் பார்த்திருக்கிறான். லினக்ஸ் கணினி எது படுத்தாலும், "கர்னல்ல பிரச்சனை" என்றுதான் ஆரம்பிப்பான். கணினியை இயக்கும் அடிப்படை நிரலுக்கும் அதே பெயர் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. மீசை வைத்த அதிகாரிதான் நினைவுக்கு வருவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை, முடிவுகளை அச்சடித்துத் தரும் கணினி எழவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றன. வெளியே வெறும் வயிற்றோடு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் மேலாளர்.

திரையைப் படிக்கும் முன்பே கர்னலின் வாய் முந்திக்கொண்டது. "பெருக்கும்போது யாரோ ப்ளக்கைப் புடுங்கியிருக்காங்க சார்."

அங்கே பெருக்குவது ஒரே ஒருத்திதான். துடைப்பத்தோடு நின்றவள், "நான் இன்னும் அந்த ரூமுக்கே போகல தம்பி," என்றாள்.

"அப்ப கம்ப்யூட்டர் தானா படுத்துக்கிச்சா? போன மாசம் போன் வயரு, இப்ப இது. இனிமே வேலைக்கு வர வேணாம்மா, கிளம்பு," என்றார் மேலாளர்.

அப்புறம்தான் கர்னல் திரையைப் படித்தான். டிஸ்க் ஒன்றுக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை என்றது கணினி. நகல் எடுத்து வைக்கும் அந்த டிஸ்க்கை, அக்கா பிள்ளைகளுக்குப் படம் ஏற்றித் தர நேற்று வீட்டுக்கு எடுத்துப் போனவன் அவன்தான். எழும்போதெல்லாம் அதைத் தேடி இணைக்கும்படி கணினிக்குள் ஒரு வரி எழுதி வைத்தவனும் அவன்தான். 'இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போ' என்பதை மட்டும் அதில் சேர்க்க மறந்திருந்தான்.

அந்த வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டான். கணினி வரியைத் தாண்டிக்கொண்டு எழுந்தது. அச்சுப்பொறி இரைந்தது.

"கர்னல்னா சும்மாவா!" என்று மேலாளர் முதுகில் தட்டினார். தட்டிய இடம் சுட்டது.

கதவுக்கு வெளியே அவள் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். இவன் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சார்... ப்ளக்கை யாரும் புடுங்கல. தப்பு என்னுது. டிஸ்க்கை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மேலாளர் கதவுப் பக்கம் திரும்பினார். "பையை உள்ள வைம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"மன்னிச்சிருங்கக்கா," என்றான் கர்னல்.

அவள் வாளியை இழுத்துவந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"காலைத் தூக்குங்க சார். துடைக்கணும்."

காலைத் தூக்கினான். தலையைத்தான் தூக்க முடியவில்லை.