பந்து பட்டதென்று சொன்னவர்

சண்முகசுந்தரம் பகலெல்லாம் பொய் சொல்லிப் பிழைத்தவர். பெரிய பொய் ஒன்றும் இல்லை. தியாகராய நகரில், பனகல் பார்க்கை ஒட்டிய ஜவுளிக் கடையில் சேலைப் பகுதி அவருடையது. "சாயம் போகாதும்மா, நான் சொல்லுதேன்லா" என்பார். அது போகும் என்று அவருக்கும் தெரியும், வாங்குகிறவளுக்கும் பாதி தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இதே வேலை. வாய் பழகிவிட்டிருந்தது.

சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் முதலாளி அவரை வெளியே விடுவார். அதற்கு ஈடாகக் காலையில் கடையைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் தெளிப்பது அவர் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்த காலி மனைக்குப் போய், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பூப்பந்து ஆடினார். பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளிப் பந்து. சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முறை வைத்திருந்தார்கள்.

கம்பளிப் பந்தில் ஒரு சங்கடம் உண்டு. மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு போனால் சத்தமே கேட்காது. உரசிய பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால், மட்டைக்காரன் பக்கத்துக்கு நஷ்டம். உரசாமல் விழுந்தால் அடித்தவன் பக்கத்துக்கு நஷ்டம். சர்வீஸ் போட்ட பக்கம் தவறினால் சர்வீஸ் மட்டும் கைமாறும், எதிர்ப்பக்கம் தவறினால்தான் பாயிண்ட். உரசியதா என்று மட்டையைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் தெரியும். அந்த மனையில் நடுவர் வைத்துக்கொள்ளவில்லை. யார் மட்டையில் பட்டதோ அவரே மட்டையை உயர்த்தி "பட்டது" என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். சிலர் சொல்வார்கள், சிலர் வானத்தைப் பார்ப்பார்கள். சண்முகசுந்தரம் ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டதில்லை. தன் பக்கம் தோற்கும் தருவாயில்கூட மட்டை உயரும். ஐந்தாறு வருஷத்தில் அவர் வார்த்தையை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. வேறு யாருக்காவது சண்டை வந்தால், "அண்ணாச்சி, நீங்க பாத்தீங்களா?" என்று அவரைத்தான் கேட்பார்கள். கடையில் யாரும் அவரை எதற்கும் சாட்சி கேட்டதில்லை.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊர் காலியாயிற்று. பெண்டாட்டி பிள்ளைகளை அவர் முன்பே ஊருக்கு அனுப்பியிருந்தார். முதலாளி சரக்கைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோகத் தீர்மானித்து, கூடவே இவரையும் புறப்படச் சொல்லிவிட்டார். மறுநாள் ரயில். காலி மனையிலும் பதுங்குகுழி தோண்ட நகரசபை ஆட்கள் வந்து சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கோடு ஆட்டக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கோணலாக ஓடியது. விடிந்ததும் மண்வெட்டி வரும்.

அன்று சாயங்காலம் பக்கத்துக்கு மூன்று பேர் தேறினார்கள். எதிர்ப்பக்கம் ஹனீஃபா. ராயப்பேட்டையில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருப்பவர்.

"இன்னா அண்ணாச்சி, ஊரே காலியாவுது, என் கடைல மட்டும் கூட்டம் தாங்கல" என்றார் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே. "ஜப்பான்காரன் இன்னும் ஒரு மாசம் வராம பயம் மட்டும் காட்டிக்கினு இருந்தான்னா, நான் ஒரு வூடு வாங்கிருவேன்."

"அவன் வந்து உம்ம பெட்டியிலேயே உம்மை வச்சுப் பூட்டப் போறான் ஓய்" என்றார் அனந்தராமன். இவர் மயிலாப்பூர், பாங்கு குமாஸ்தா. சண்முகசுந்தரத்தின் பக்கத்துக்குத் தலைவர் மாதிரி. "எங்காத்துல எல்லாரும் கும்பகோணம் போயாச்சு. நான் மட்டும் ஓட்டல் சாப்பாடு சாப்டுண்டு பாங்கைக் காவல் காத்துண்டிருக்கேன்."

ஆட்டம் தொடங்கியது. புதுக் கம்பளி கிடைக்காத காலம். பந்து தேய்ந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. அதையும் விடாமல் அடித்தார்கள். வெளிச்சம் மஞ்சளாக இருக்கும்போதே சண்முகசுந்தரத்தின் பக்கம் ஜெயிக்க ஒரு பாயிண்ட்தான் பாக்கி என்றாகிவிட்டது.

ஹனீஃபா ஓங்கி அடித்த பந்து சண்முகசுந்தரத்தின் மட்டைக்கு நாலு விரற்கடை மேலே போய், கோட்டைத் தாண்டி விழுந்தது. முடிந்தது. அனந்தராமன் கை குலுக்குவதற்காக வலைப் பக்கம் நடந்தார். சண்முகசுந்தரத்துக்கு அந்த நடை பிடிக்கவில்லை. இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று தோன்றியது. இதற்குப் பிறகு கடைக்குப் போய்ச் சரக்கு கட்ட வேண்டும், அவ்வளவுதான். மட்டை தானாக உயர்ந்தது.

"பட்டது" என்றார்.

அனந்தராமன் நின்றார். பிறகு, "அவர் பட்டதுன்னா பட்டதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பித் தன் இடத்துக்கு வந்தார். ஹனீஃபா மீசையைத் தடவிக்கொண்டார்.

சர்வீஸ் எதிர்ப்பக்கம் போயிற்று, பிறகு திரும்பி வந்தது. மறுபடியும் ஒரு பந்து வெளியே போனது. மறுபடியும் மட்டை உயர்ந்தது. இரண்டாவது தடவை சொல்வது கடையில் சொல்வதுபோலச் சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்த ஆட்டம் நல்ல ஆட்டம். ஹனீஃபா பக்கத்தார் ஒவ்வொன்றாக எடுத்துச் சமன் செய்து, அவர்களுக்கும் ஒன்றே ஒன்று பாக்கி என்ற இடத்துக்கு வந்தார்கள். தெருவிளக்கு எரியாத காலம். பந்து வருவது தெரிந்தது, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை.

சர்வீஸ் ஹனீஃபா பக்கம். அடுத்த பந்தை எடுக்க சண்முகசுந்தரம் தாவினார். மட்டையின் விளிம்பில் ஒரு சிறு நடுக்கம். பந்து பின்னால் போய், கோட்டுக்கு வெளியே விழுந்தது. இந்தத் தடவை பட்டிருந்தது.

சும்மா இருந்தால் சர்வீஸ் மட்டும் இந்தப் பக்கம் மாறி, ஆட்டம் தொடரும். கை பழகின வழியில் உயர்ந்தது.

"பட்டது. உங்களுக்குத்தான் ஜெயம்."

"படல அண்ணாச்சி" என்றார் ஹனீஃபா.

"பட்டது பாய்."

"உனுக்கு இன்னிக்கு இன்னா ஆச்சி? படாததெல்லாம் பட்டுது பட்டுதுன்னு கூவிக்கினே இருக்கே. எனுக்கு ஓசி ஜெயம் வாணாம். போடு, ஆடலாம்."

"இல்ல பாய். இது நெசமாவே பட்டது."

"அப்போ முன்னாடி ரெண்டும்?"

வலைக்கு இந்தப் பக்கம் அனந்தராமன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சண்முகசுந்தரம் பதில் தேடினார். சாயம் பற்றியென்றால் ஏதாவது வந்திருக்கும்.

"அது ரெண்டும் படல" என்றார்.

"அப்போ நாம எப்பவோ ஜெயிச்சாச்சு" என்றார் அனந்தராமன் மெதுவாக.

"ஆமா சாமி."

"எதுக்கு ஓய் சொன்னீர்?"

"கொஞ்ச நேரம் ஆடலாம்னுதான்."

அனந்தராமன் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி யோசித்தார். "போன வருஷம் ராஜகோபாலன் டீமோட ஆடச்சே நீர் ஒண்ணு சொன்னீரே, அதுல தோத்தோமே. அது?"

"அது பட்டது சாமி."

"எப்படித் தெரியும் எனக்கு?"

அனந்தராமன் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பை இருட்டில் காலால் துழாவி மாட்டினார். "ஊருக்குப் பத்திரமாப் போயிட்டு வாரும்" என்றார். மரியாதையில் குறை இல்லை. கை மட்டும் நீளவில்லை. மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். யார் ஜெயித்தது என்று தெரியாமலே ஆட்டம் கலைந்தது.

ஹனீஃபாவும் அவரும் வலையை அவிழ்த்தார்கள். முடிச்சு இறுகியிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருந்தா, என் பந்து உள்ளதான் வுழுந்துச்சின்னு நானே சண்டை போட்டு இழுத்தடிச்சிருப்பேன்" என்றார் ஹனீஃபா. "என் பேச்சை யாரு நம்புறான்? நீ ஏன் உன் வாயைக் குடுத்தே?"

"தோணல பாய்."

"வுடு. அந்தாளு நாளைக்கு மறந்துருவாரு."

"மறக்க மாட்டாரு."

"மறக்க மாட்டாரு" என்று ஹனீஃபாவும் ஒப்புக்கொண்டார். வலையைச் சுருட்டி சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு, கோபாலபுரம் பக்கமாக மிதித்துப் போனார்.

மறுநாள் எழும்பூரில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சேலை மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே சண்முகசுந்தரம் கோவில்பட்டிக்குப் புறப்பட்டார். பெட்டியில் எல்லோரும் குண்டைப் பற்றிப் பேசினார்கள். அவரிடமும் ஒருவர், "பட்டணத்துல இன்னும் எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டார். அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் மட்டையை உயர்த்திய இடங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். எல்லாம் பட்டவைதான். விழுப்புரம் தாண்டுவதற்குள், அதில் ஒன்றிரண்டு அவருக்கே சந்தேகமாக இருந்தது.